யாரும் பார்க்காத தேங்காய் மெஷின்

ஏரம்பமூர்த்தி: …ஆகவே, மிஸ்டர் பழனியப்பன், நான் கோலாலம்பூரிலிருந்து பிளேன் ஏறிப் பினாங்குக்கு வந்தது உங்கட மெஷினை வாங்க இல்லை. அது முதலிலே விளங்கவேணும்.

பழனியப்பன்: அப்ப சுவிட்ச்சை அடைச்சிடவா சார்?

ஏரம்பமூர்த்தி: அடையுங்கோ. பெரிய சத்தமாயிருக்கு. என்ர டையிலும் தேங்காய்ப்பூ விழுகுது.

புஷ்பவள்ளி: துருவினதைப் பாக்கவே இல்லையே சார் நீங்க. ஓட்டோட ஒட்டியிருக்கற கறுப்புத் தோலு ஒரு பொட்டு வராது. தோலு தொட்ட உடனே பிளேடு தானா நின்னுடும். பாசார்ல இருக்கற ஒரு மெஷினும் இப்படி நிக்காது.

ஏரம்பமூர்த்தி: மிஸஸ் பழனியப்பன், தேங்காய் எப்படித் துருவுப்படுது எண்டது இரண்டாம் பட்சம். எங்களுடையது வென்ச்சர் ஃபண்ட். புதுக் கம்பெனி பார்த்துப் பணம் போடுற ஆக்கள். நாங்கள் இரும்பிலே போடுறதில்லை. அறிவிலே போடுறம்.

புஷ்பவள்ளி: அறிவு இவர்கிட்ட…

பழனியப்பன்: வள்ளி, சாருக்கு கொப்பி கலக்கு.

புஷ்பவள்ளி: இருக்குன்னுதான் சொல்ல வந்தேன்.

ஏரம்பமூர்த்தி: இந்தக் கடைவீடு, அந்த லேத், வாசலிலே நிக்கிற வேன்… இதெல்லாம் ஒருநாள் துருப்பிடிக்கும். துருப்பிடிக்காதது ஒண்டே ஒண்டுதான். உங்கட பேட்டன்ட்.

பழனியப்பன்: அது வந்த கவரைக் கரப்பான் தின்னுடிச்சு சார். உள்ள இருக்கறது நல்லாத்தான் இருக்கு.

ஏரம்பமூர்த்தி: அறிவுச் சொத்து எண்டு சொல்லுவினம். பேட்டன்ட் எண்டால் என்ன? மெஷின் செய்யிற உரிமை எண்டு எல்லாரும் நினைக்கினம். இல்லை. மற்றவன் செய்யக்கூடாது எண்டு சொல்லுற உரிமை.

புஷ்பவள்ளி: நம்ம செய்யறது?

ஏரம்பமூர்த்தி: நீங்கள் செய்யிறது முக்கியமில்லை. மற்றவன் செய்யாமலிருக்கிறதுதான் சொத்து.

புஷ்பவள்ளி: அப்படின்னா நம்ம ஏற்கெனவே பெரிய பணக்காரங்கதான்லா. இதுவரைக்கும் ஒருத்தனும் செய்யல. வாங்கவும் இல்ல.

ஏரம்பமூர்த்தி: சிரிக்கிற விஷயமில்லை இது. எங்கட சேர்மன், டத்தோ பட்டம் வாங்கின விநாசித்தம்பி, உங்கட புரோப்போசலை ஒருக்காத்தான் வாசிச்சவர். வாசிச்சிட்டுக் கண்ணை மூடினார். பிறகு சொன்னார், 'மூர்த்தி, இந்த மெஷினை நான் எங்கையோ பார்த்த மாதிரி இருக்கு' எண்டு.

பழனியப்பன்: …அப்படியா சொன்னாரு.

ஏரம்பமூர்த்தி: அதுதான் விஷன். உலகத்துக்கு இன்னும் வராத சாமானை அவர் முன்கூட்டியே பார்த்திடுவார். எனக்கு மயிர் கூச்செறிஞ்சுது.

புஷ்பவள்ளி: டத்தோவுக்கு ஞாபகசக்தி எப்படி சார்?

ஏரம்பமூர்த்தி: ஏன் கேக்கிறீங்கள்?

புஷ்பவள்ளி: சும்மாதான். பெரிய மனுசருங்க…

ஏரம்பமூர்த்தி: கிழமைக்கு நாலு திறப்பு விழா. கோயில், பள்ளிக்கூடம், சலூன்கடை. எதையெண்டு ஞாபகம் வைக்கிறது?

புஷ்பவள்ளி: அதுவும் நல்லதுதான். சீனி போடவா சார்?

ஏரம்பமூர்த்தி: கொஞ்சமா. இப்ப நான் கேக்கிற கேள்விகளுக்கு ஒழுங்காப் பதில் சொல்லவேணும். நீங்கள் முன்னம் வேலை செய்தது பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையிலே. இந்த மெஷினை அங்கையிருந்து கண்டுபிடிச்சால் அது தொழிற்சாலையின்ர சொத்து. எங்கையிருந்து யோசிச்சது?

பழனியப்பன்: கக்கூஸ்ல சார்.

ஏரம்பமூர்த்தி: எந்தக் கக்கூஸ்?

பழனியப்பன்: அது… பாதி அங்க, பாதி…

புஷ்பவள்ளி: வீட்டு கக்கூஸ்.

ஏரம்பமூர்த்தி: நல்லது. அப்படியே இருக்கட்டும். வேலையை விட்டாச்சுதானே?

பழனியப்பன்: விட்டாச்சு சார். கேக் வெட்டினாங்க. மைக் குடுத்தாங்க. 'இனிமே நான் எந்தக் கம்பெனிக்கும் பஞ்ச் கார்டு அடிக்க மாட்டேன்'னு பேசிட்டு வந்தேன்.

புஷ்பவள்ளி: வர்ற திங்கக்கிழம திரும்பிப் போகணும்.

பழனியப்பன்: அதை இப்ப எதுக்குச் சொல்ற?

புஷ்பவள்ளி: சாரு தெரிஞ்சுக்கட்டும். அர்ஜுனன்னு ஒரு பய சார். இவர்கிட்டத்தான் ஸ்குரூ டிரைவர் புடிக்கக் கத்துக்கிட்டான். இப்ப சூப்பர்வைசர். நைட் ஷிப்டுக்கு ஆள் பத்தலையாம். போன் பண்றான். 'அண்ணே, உங்க கார்டை நான் தூக்கிப் போடல, பத்திரமா வச்சிருக்கேன், திங்கக்கிழம வந்துடுங்க'ங்கறான்.

பழனியப்பன்: சிரிச்சிருந்தாக்கூடப் பரவால்ல சார். சிரிக்காம சொன்னான்.

ஏரம்பமூர்த்தி: ஒண்டுக்கும் யோசிக்காதையுங்கோ. இண்டைக்குக் கையெழுத்து விழுந்தால் நீங்கள் மெனேஜிங் டைரக்டர்.

பழனியப்பன்: விழலன்னா?

ஏரம்பமூர்த்தி: விழாட்டில் பஞ்ச் கார்டு. சரி, கடைசிக் கேள்வி. இதுதான் முக்கியம். பேட்டன்டுக்கு விண்ணப்பிக்க முன்னம், இந்த மெஷினை வெளியாக்கள் ஆரும் பார்த்தவையோ?

பழனியப்பன்: வெளியாளுன்னா… யாரு?

ஏரம்பமூர்த்தி: ஆரும்.

பழனியப்பன்: இல்ல சார்.

புஷ்பவள்ளி: மழை வர்ற மாதிரி இருக்கு.

ஏரம்பமூர்த்தி: வெயில் எறிக்குது.

புஷ்பவள்ளி: சாயங்காலமா வரும்.

ஏரம்பமூர்த்தி: ஏன் கேக்கிறன் எண்டால், சட்டம் அப்படி. புதுசு எண்டு சொல்லி விண்ணப்பம் போட்டால் புதுசாயிருக்கவேணும். ஊர் பார்த்திட்டுது எண்டால் அது ஊருடைய சொத்து. நீங்களே காட்டியிருந்தாலும் அதே கதைதான். ஒரு வருஷத்துக்கு மட்டும் மன்னிப்பு உண்டு. உங்கட விண்ணப்பம் போன வருஷம் மே மாசம், தொண்ணூத்தஞ்சு. அதுக்கு ஒரு வருஷம் முந்தி, தொண்ணூத்திநாலு மே. அதுக்கும் முன்னம் இந்த மெஷின் வெளியிலே தலை காட்டியிருந்தால், பேட்டன்ட் வெறும் கடதாசி.

பழனியப்பன்: வெறும் கடதாசின்னா… கொஞ்சம்கூட…

ஏரம்பமூர்த்தி: வடை சுத்தலாம்.

புஷ்பவள்ளி: ஊருன்னா எவ்வளவு பேரு சார்? கொஞ்சப் பேரு பாத்திருந்தா பரவால்லையா?

ஏரம்பமூர்த்தி: ஒருத்தர் போதும்.

புஷ்பவள்ளி: சாமி பாத்தா?

பழனியப்பன்: வள்ளி.

ஏரம்பமூர்த்தி: சாமி வெளியாள் இல்லை. நல்ல கேள்வி. இருங்கோ, அக்ரிமென்ட் வாடகைக் காருக்குள்ளை கிடக்கு. எடுத்துக்கொண்டு வாறன்.

புஷ்பவள்ளி: …போயிட்டாரா?

பழனியப்பன்: வாசல் தாண்டிட்டாரு. மெதுவா பேசு.

புஷ்பவள்ளி: தைப்பூசத்துக்குக் கோயிலுக்கு அந்த முத மெஷினைக் குடுக்கும்போதே சொன்னேன். பேரு வேணாம்னு.

பழனியப்பன்: பேரில்லாம எப்படிக் குடுக்கறது? ட்யூப் லைட் வாங்கிக் குடுத்தவன்கூட அது மேலயே பேரு எழுதியிருக்கான். வெளிச்சமே வரல, அவ்ளோ பேரு.

புஷ்பவள்ளி: சரி, பேரு போட்டாச்சு. தேதி எதுக்கு? 'உபயம் பழனியப்பன் புஷ்பவள்ளி குடும்பத்தினர், தைப்பூசம் 1993'. பித்தளைத் தகட்டுல வெட்டி, மெஷின் நெத்தியில அடிச்சு…

பழனியப்பன்: தேதி போட்டாத்தான் பேருக்கு மதிப்பு.

புஷ்பவள்ளி: மடப்பள்ளி வாசல்ல நிக்குது. அன்னதானத்துக்கு வரிசையில நிக்கற சனம் மொத்தமும் அதைத்தான் படிச்சுக்கிட்டு நிக்குது. நீங்க வேற பக்கத்துல நின்னுக்கிட்டு மைக்குல வெளக்கம். பிளேடு எப்படி நிக்குது, ஸ்பிரிங் எங்க இருக்குன்னு.

பழனியப்பன்: கேட்டாங்க, சொன்னேன்.

புஷ்பவள்ளி: யாரும் கேக்கல.

பழனியப்பன்: இங்க பாரு, கோயிலு பின் ரோட்டுல இருக்கு. இவரு நாலு மணி பிளேனுக்குப் போயிடுவாரு. அதுவரைக்கும் அந்தப் பக்கம் போகாம பாத்துக்கிட்டா சரி.

புஷ்பவள்ளி: அது சரி, அப்ப மத்தது…

பழனியப்பன்: வராரு வராரு.

ஏரம்பமூர்த்தி: என்ன, ரெண்டு பேரும் கலந்து பேசினீங்களோ?

பழனியப்பன்: மழையைப் பத்திப் பேசினோம் சார்.

ஏரம்பமூர்த்தி: நல்லது. இதுதான் ஒப்பந்தம். நான் சுருக்கமாச் சொல்லுறன். முதலாவது, ஃபண்டுக்கு ஐம்பத்தொரு வீதப் பங்கு.

பழனியப்பன்: போன்ல முப்பதுன்னீங்களே.

ஏரம்பமூர்த்தி: போன் லைன் சரியில்லை அண்டைக்கு.

பழனியப்பன்: நல்லாத்தான சார் கேட்டுச்சு.

ஏரம்பமூர்த்தி: யோசிக்கிறதெண்டால் ஆறுதலா யோசியுங்கோ. ஒரு அவசரமுமில்லை. அதுக்கிடையிலே நான் ஒருக்காக் கோயிலுக்குப் போயிட்டு வாறன். பின் ரோட்டிலே முருகன் கோயில் ஒண்டு இருக்குதல்லோ? என்ர அப்பா ரயில்வே கிளார்க்காய் இங்கை டத்தோ கிராமாட் பகுதியிலே இருந்த காலம் என்னைத் தூக்கிக்கொண்டு போவார். வாசலிலே கழட்டின சப்பாத்தை எங்கை விட்டனான்…

பழனியப்பன்: கோயில் பூட்டியிருக்கு சார்.

புஷ்பவள்ளி: கும்பாபிஷேக வேலை.

பழனியப்பன்: எலி மருந்து வச்சிருக்காங்க.

ஏரம்பமூர்த்தி: கும்பாபிஷேகமோ, எலி மருந்தோ?

புஷ்பவள்ளி: கும்பாபிஷேகத்துக்கு முந்தி எலியை வெரட்டணும்லா சார்.

ஏரம்பமூர்த்தி: பரவாயில்லை. வெளியிலே நிண்டு கும்பிடலாம். மடப்பள்ளிப் பக்கம் ஒரு கேட் இருக்கும்…

பழனியப்பன்: ஐம்பத்தொண்ணு சரி சார்.

ஏரம்பமூர்த்தி: அப்படியோ? சந்தோஷம். இரண்டாவது, பேட்டன்ட் புதுக் கம்பெனியின்ர பேருக்கு மாறவேணும்.

பழனியப்பன்: அது என் பேர்ல இருக்கு சார்.

ஏரம்பமூர்த்தி: கண்டுபிடிச்சவர் எண்ட இடத்திலே உங்கட பேர் எப்பவும் இருக்கும். ஆரும் அழிக்க ஏலாது. சொந்தக்காரர்தான் கம்பெனி. கம்பெனியின்ர சொந்தக்காரர் ஃபண்ட்.

புஷ்பவள்ளி: அப்ப இவரு?

ஏரம்பமூர்த்தி: இவர் கண்டுபிடிச்சவர்.

புஷ்பவள்ளி: பிள்ளையைப் பெத்தது இவரு. பர்த் சர்ட்டிபிகேட்டு உங்களோடது.

ஏரம்பமூர்த்தி: உலகம் முழுக்க இதுதான் முறை.

பழனியப்பன்: ஒரு வாரம் டைம் குடுங்க சார். வக்கீலு ஒருத்தரைப் பாத்துட்டு…

ஏரம்பமூர்த்தி: தாராளமா. இண்டைக்கு வெள்ளிக்கிழமை வேறை. அன்னதானம் போடுவினம். அந்தக் கோயில் தேங்காய்ச் சட்னி மிச்சம் விசேஷமாமே? வெள்ளை வெளேரெண்டு இருக்குமாம். ஒரு கறுப்புப் பொட்டு இல்லையாம்.

புஷ்பவள்ளி: …யாரு சார் சொன்னா?

ஏரம்பமூர்த்தி: கேள்விப்பட்டது. எப்படித்தான் துருவுகினமோ தெரியேல்லை. ஒருக்காப் போய்ப் பார்த்தால்…

பழனியப்பன்: கையெழுத்து எங்க சார் போடணும்?

ஏரம்பமூர்த்தி: இருங்கோ, இன்னும் இருக்கு. மூண்டாவது, மெஷினுடைய பேர். இப்ப 'புஷ்பா' எண்டு பச்சைப் பெயின்டிலே எழுதியிருக்கு. இதை வச்சுக்கொண்டு சிங்கப்பூருக்குப் போக ஏலாது. 'கோக்கோடெக் 2000'. டத்தோவே வச்ச பேர்.

பழனியப்பன்: சார், மத்ததெல்லாம் எடுத்துக்குங்க. அந்தப் பேரை மட்டும் விட்டுருங்க. வேலையை விட்ட அன்னிக்கி, ஒரு வார்த்தை ஏசாம, இங்க நிக்கற இந்த மெஷின்ல முத தேங்காயைப் புடிச்சவ அவதான்.

ஏரம்பமூர்த்தி: உணர்ச்சி வேறை, பிராண்ட் வேறை.

பழனியப்பன்: இல்ல சார். அது முடியாது.

ஏரம்பமூர்த்தி: அப்ப என்ர சப்பாத்தை…

புஷ்பவள்ளி: மாத்திக்குங்க சார்.

பழனியப்பன்: வள்ளி.

புஷ்பவள்ளி: விடுங்கலா. என்னைக் கூப்பிட உங்ககிட்ட இன்னொரு பேரு இருக்குதுல்ல. திங்கக்கிழம அர்ஜுனன் முன்னால போய் நீங்க நிக்காம இருந்தா எனக்கு அது போதும்.

ஏரம்பமூர்த்தி: நல்ல வியாபார மூளை உங்கட மனுசிக்கு. நாலாவது, இது ஒரு வரிதான். 'தொண்ணூற்று நான்கு மே மாதத்துக்கு முன் இந்த இயந்திரத்தை வெளியார் எவரும் பார்த்ததில்லை என்று உறுதி கூறுகிறேன்.' இங்கையும் போடுங்கோ, இங்கையும்.

பழனியப்பன்: பேனா எழுத மாட்டேங்குது சார்.

ஏரம்பமூர்த்தி: என்ர பேனாவாலே போடுங்கோ. பார்க்கர்.

பழனியப்பன்: …போட்டாச்சு.

ஏரம்பமூர்த்தி: நல்லது. மெனேஜிங் டைரக்டருக்கு என்ர வாழ்த்துகள். இனி நாங்கள் ஒரு குடும்பம். குடும்பத்துக்குள்ளே ஒளிப்பு மறைப்பு வேண்டாம். ஆனபடியாலே சொல்லுறன். நான் போன கிழமையே அந்தக் கோயிலுக்குப் போய் வந்திட்டன்.

புஷ்பவள்ளி: போன வாரமா?

ஏரம்பமூர்த்தி: சட்னி உண்மையிலேயே வெள்ளைதான். இரண்டு தரம் வாங்கினன். தகடும் நல்ல பித்தளை. புளி போட்டுத் துலக்கி வச்சிருக்கினம்.

பழனியப்பன்: சார், அது வந்து… சாமி காரியம்…

ஏரம்பமூர்த்தி: பதறாதையுங்கோ. கோயில் தலைவரோடை பேசினன். மடப்பள்ளிக்குக் குளிர்பெட்டி ஒண்டு வேணுமாம். தாறன் எண்டன். இண்டைக்குக் காலமை பழைய தகட்டைக் கழட்டியாச்சு. புதுத் தகடு பூட்டியாச்சு. ஸ்குரூவை நானே முறுக்கினன். 'உபயம், அமரர் நல்லம்மா நினைவாக.' என்ர அம்மா. தேதி போன மாசம். இப்ப அந்த மெஷின் போன மாசத்து மெஷின்.

புஷ்பவள்ளி: அம்மா எப்ப சார் தவறினாங்க?

ஏரம்பமூர்த்தி: இல்லையில்லை, கோலாலம்பூரிலே சுகமா இருக்கிறா. தகடு வெட்டுறவன் வழக்கத்திலே 'அமரர்' எண்டு போட்டிட்டான். திருத்த நேரமில்லை.

பழனியப்பன்: எங்க தகடு எங்க சார்?

ஏரம்பமூர்த்தி: என்ர பிரீஃப்கேசுக்குள்ளை. பத்திரமா இருக்கும். நீங்கள் சொன்னது கேக்கும் வரைக்கும்.

புஷ்பவள்ளி: அதான் நிமிசத்துக்கு ஒருதரம் சப்பாத்தைத் தேடினீங்களா.

ஏரம்பமூர்த்தி: அதுக்குப் பேர் நெகோஷியேஷன்.

பழனியப்பன்: ஆனா சார், பேட்டன்ட் செத்துப்போச்சுன்னு தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சே எதுக்கு வாங்குறீங்க?

ஏரம்பமூர்த்தி: …கொப்பி இன்னும் இருக்கோ?

புஷ்பவள்ளி: இருக்கு. சொல்லுங்க.

ஏரம்பமூர்த்தி: ஃபண்ட் துவங்கி மூண்டு வருஷம். மாநாடு வச்சம். புரோஷர் அடிச்சம். கோல்ஃப் விளையாடினம். ஒரு கம்பெனியிலேயும் பணம் போடேல்லை. இந்த மாசத்துக்குள்ளை பேட்டன்ட் உள்ள கம்பெனி ஒண்டு கொண்டு வராட்டில் என்ர மேசைக்கு வேற ஆள் வருமாம். பேட்டன்ட் உயிரோட இருக்குதோ எண்டு போர்டிலே ஆரும் நாடி பிடிச்சுப் பார்க்கப் போறதில்லை. இருக்குது எண்டால் சரி. கோலாலம்பூர் ஆபீசிலே எனக்கும் ஒரு அர்ஜுனன் இருக்கிறான், மிஸ்டர் பழனியப்பன்.

பழனியப்பன்: போன் பண்றானா?

ஏரம்பமூர்த்தி: பக்கத்து அறைதான். வந்து கதவைத் தட்டுறான்.

பழனியப்பன்: சிரிக்கறானா?

ஏரம்பமூர்த்தி: சிரிக்கிறானில்லை.

புஷ்பவள்ளி: பிஸ்கட் எடுத்துக்குங்க சார்.

ஏரம்பமூர்த்தி: வேண்டாம். இருங்கோ, டத்தோவுக்கு ஒரு வார்த்தை சொல்லிப்போடுறன்… ஹலோ, டத்தோவோ? மூர்த்தி. ஓம் டத்தோ, முடிஞ்சுது… இல்லை டத்தோ, ஒருதரும் பார்க்கேல்லை, எழுதிக் கையெழுத்து வாங்கியாச்சு… ஓ… அப்படியோ… மிச்சம் நல்லது டத்தோ. வச்சிடுறன்.

பழனியப்பன்: என்ன சொல்றாரு?

ஏரம்பமூர்த்தி: நீங்கள் குடுத்து வச்ச ஆக்கள். டத்தோ தானே நேரிலே வந்து மெஷினைத் திறந்து வைக்கிறாராம். ரிப்பன் வெட்டு, பேப்பர்காரர், எல்லாம். உலகத்திலே முதன்முறையாக, டத்தோவின்ர கையாலே முதல் தேங்காய்.

பழனியப்பன்: மறுபடியுமா?

ஏரம்பமூர்த்தி: …என்ன மறுபடியும்?

புஷ்பவள்ளி: ஒண்ணுமில்ல சார். மழை வருதான்னு பாக்கறாரு.

பழனியப்பன்: வேணாம் வள்ளி. குடும்பத்துக்குள்ள ஒளிப்பு மறைப்பு இருக்கக் கூடாதுன்னு சாரே சொல்லிட்டாரு. சார், கோயில் மெஷின் ஒண்ணு இல்ல. ரெண்டு. அக்கரையில தாசேக் கெலுகோர் எஸ்டேட் கோயில்லயும் ஒண்ணு இருக்கு. அதே வருசம் பங்குனி உத்திரத்துக்குக் குடுத்தது.

ஏரம்பமூர்த்தி: …தகடு இருக்கோ?

பழனியப்பன்: இருக்கு.

ஏரம்பமூர்த்தி: தேதி?

பழனியப்பன்: தேதி போட்டாத்தான சார் பேருக்கு மதிப்பு.

ஏரம்பமூர்த்தி: சரி. பிளேனை விட்டிட்டு நாளைக்குப் போறன். ஃபெர்ரி எத்தனை மணிக்கு? அங்கையும் அம்மா ஒரு உபயம் செய்யட்டும். உங்கட ஸ்குரூ டிரைவர் ஒண்டு தாங்கோ.

புஷ்பவள்ளி: அங்க ஸ்குரூ கிடையாது சார். கல்வெட்டு, சுவத்துல பதிச்சது. எங்க பேரு அடியில சின்னதாத்தான் இருக்கு. மேல பெரிய எழுத்துல, 'இயந்திரத்தை ரிப்பன் வெட்டித் திறந்து வைத்து முதல் தேங்காயைத் துருவியவர் டத்தோ விநாசித்தம்பி'ன்னு போட்டிருக்கு. உங்கம்மா பேரைப் போடணும்னா நீங்க அவரைத்தான் செதுக்கி எடுக்கணும்.